ஒரு ஆளும் வாசிக்காமல் விழும் இணையத்தளங்கள்



போன வாரம் தரம் 10 வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது: "டீச்சர், வட்ஸ்அப்பில லிங்க் ஒன்றப் போட்டா உடனே படமும் தலைப்பும் வருகுதே, அத யார் போடுற?"

பாடப்புத்தகத்தைப் புரட்டினால் கிடைக்கிற பதில் இல்லை. "அந்த வெப்சைட்டில இருந்துதான் மகன் வருகுது" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்தபின் மனம் ஆறவில்லை. வெப்சைட்டிலிருந்து வருகிறது சரி, யார் போய் எடுத்துக்கொண்டு வருகிறார்? எத்தனை தரம் போகிறார்? அதைத் தேடப் போன இடத்தில், பல வருடமாகப் பலர் சண்டை பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு விசயம் கையில் அகப்பட்டது. எங்கட ஊரில் பாடசாலைக்கு, பள்ளிக்கு, விளையாட்டுக் கழகத்துக்கு என்று சின்னச் சின்னத் தளங்கள் நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தப் பிள்ளையின் கேள்விக்குப் பதில்.

2010 இல் பேஸ்புக் நிறுவனம் 'ஓப்பன் கிராஃப்' என்று ஒரு முறையைக் கொண்டுவந்தது. ஒரு இணையப் பக்கத்தின் தலைப்பகுதியில், நம் கண்ணுக்குத் தெரியாத சில வரிகளை எழுதிவைப்பது. இந்தப் பக்கத்தின் தலைப்பு இது, சுருக்கம் இது, காட்ட வேண்டிய படம் இது. லிங்க் பகிரப்படும்போது யாராவது போய் அந்த வரிகளை வாசித்து, படத்தையும் இறக்கி, சின்னப் பெட்டியாகக் கட்டித் தரவேண்டும். அதைத்தான் பிரிவியூ என்கிறோம்.

யார் போவது என்பதில்தான் வித்தியாசம். வட்ஸ்அப்பில் லிங்கை அனுப்புகிறவரின் போன்தான் போகிறது. நீங்கள் லிங்கை ஒட்டிவிட்டு அனுப்பாமல் இரண்டு செக்கன் பொறுத்துப் பாருங்கள், பெட்டி உங்கள் பக்கத்திலேயே தோன்றும். அந்தப் பெட்டியையும் சேர்த்துத்தான் அனுப்புகிறீர்கள். குரூப்பில் 500 பேர் இருந்தாலும் அந்தத் தளத்துக்குப் போனது ஒரேயொரு போன். பேஸ்புக்கில் நிறுவனத்தின் கணினி போய் எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும். பிறகு பத்தாயிரம் பேர் அதே லிங்கைப் போட்டாலும் வைத்திருக்கும் பிரதியைத்தான் காட்டும், இடைக்கிடை மட்டும் புதுப்பித்துக்கொள்ளும்.

இந்த இரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்று இருக்கிறது.

மஸ்டடோன் என்ற பெயரை எங்கட ஊரில் பெரும்பாலானோர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஜெர்மனியைச் சேர்ந்த ஓய்கன் ரொச்கோ என்ற இளைஞர் 2016 இல் தொடங்கியது. பார்வைக்கு டுவிட்டர் மாதிரி. ஆனால் ஒரு கம்பனியின் கையில் இல்லை. மென்பொருள் இலவசம், விரும்பியவர் எவரும் தன் சொந்த சேர்வரில் அதைப் போட்டு ஒரு சின்ன சமூக வலைத்தளம் நடத்தலாம். அப்படி ஆயிரக்கணக்கான சேர்வர்கள். ஒன்றில் இருப்பவர் மற்றொன்றில் இருப்பவரைப் பின்தொடரலாம். விளம்பரம் இல்லை, முதலாளி இல்லை. 2022 ஒக்டோபர் கடைசியில் எலோன் மஸ்க் டுவிட்டரை வாங்கியதும் ஏராளமானோர் அங்கே குடிபெயர்ந்தார்கள். எனக்கு அந்த எண்ணம் பிடித்திருக்கிறது. ஒரு முதலாளியின் மனநிலை மாறினால் எல்லாருடைய வாயும் அடைபடும் நிலைமையைவிட அது எவ்வளவோ மேல். நான் சொல்லப்போகும் குறையை அந்த நல்லதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் வாசிக்க வேண்டும்.

குறை என்னவென்று எங்கட ஊர்க் கதையாகச் சொல்கிறேன்.

ஒரு வீட்டில் மௌத்து. வீட்டுக்காரர் பக்கத்துப் பள்ளிக்குச் செய்தி சொல்கிறார். பள்ளியில் ஒரு தரம் அறிவிக்கிறார்கள்: இன்னார் மௌத்தாகிவிட்டார், அஸருக்குப் பிறகு நல்லடக்கம். மஹல்லா முழுக்கக் கேட்கிறது. யாரும் மையித்து வீட்டுக்குப் போன் எடுத்து "எத்தனை மணிக்கு?" என்று கேட்கத் தேவையில்லை. பேஸ்புக்கின் வழி இது.

இப்போது இப்படி நினைத்துப் பாருங்கள். செய்தி அந்தப் பள்ளியிலிருந்து மற்ற ஊர்ப் பள்ளிகளுக்கும் போகிறது, மௌத்தானவரைத் தெரிந்த ஒரேயொரு ஆள் இருக்கும் ஊருக்குக்கூட. ஆனால் எந்தப் பள்ளியும் அடுத்த பள்ளியின் அறிவித்தலை அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு பள்ளி மோதினாரும் மையித்து வீட்டுக்குத் தானே போன் எடுக்கிறார். "பெயர் என்ன? வயது என்ன? எத்தனை மணிக்கு? ஒரு போட்டோவும் அனுப்புங்கள்." ஒருவர் கேட்பதில் பிழையில்லை, அரை நிமிட வேலை. இரண்டாயிரம் பள்ளிகள் ஒரே நிமிடத்துக்குள் எடுத்தால்? அந்த வீட்டு போன் செத்துவிடும். அந்த நேரத்தில் உண்மையாகவே ஆறுதல் சொல்ல எடுக்கிற சொந்தக்காரருக்கு லைன் கிடைக்காது.

மஸ்டடோனில் நடப்பது இதுதான். ஒருவர் லிங்க் ஒன்றைப் பதிகிறார். அவரைப் பின்தொடர்கிறவர்கள் எந்தெந்த சேர்வரில் இருக்கிறார்களோ அத்தனைக்கும் அந்தப் பதிவு போய்ச் சேர்கிறது. ஒவ்வொரு சேர்வரும் தனித்தனியாக அந்தத் தளத்தின் கதவைத் தட்டி, பக்கத்தை இறக்கி, படத்தை இறக்கித் தன் பிரதியைச் செய்துகொள்கிறது. இன்னொருவர் அதை 'பூஸ்ட்' செய்தால் அவருடைய ஆட்கள் இருக்கும் சேர்வர்களும் சேர்ந்துகொள்ளும். எல்லாம் ஒரே செக்கனில் பாயாமல் இருக்க, ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள் ஏதோவொரு நேரத்தில் போகும்படி ஒரு சின்னத் தாமதம் வைத்திருக்கிறார்கள். இரண்டாயிரம் சேர்வரை அறுபது செக்கனுக்குப் பிரித்தாலும் செக்கனுக்கு முப்பதுக்கு மேல் வருகிறது. வருடத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் கட்டி எடுக்கிற பங்கு ஹோஸ்டிங்கில், ஒவ்வொரு வருகைக்கும் தரவுத்தளத்தைத் திறந்து பக்கத்தைக் கட்டுகிற வேர்ட்பிரஸ் தளம் ஒன்றுக்கு அது தாங்காது.

கிறிஸ் பார்ட்ரிட்ஜ் என்ற பாதுகாப்புப் பொறியியலாளர் 2022 இல் இதைத் தன் சொந்தத் தளத்திலேயே அளந்து பார்த்தார். அவர் போட்ட பதிவு ஏறக்குறைய 3 கிலோபைட். ஐந்து நிமிடத்துக்குள் அவருடைய தளத்திலிருந்து இழுக்கப்பட்டது 114.7 மெகாபைட். போட்டதைப்போல 36,704 மடங்கு. ஒரு தாள் கடிதம் போட்டவன் வீட்டு வாசலில் லொறி வந்து நின்றமாதிரி.

இது யாருக்கும் தெரியாத விசயமும் இல்லை. மஸ்டடோனின் மென்பொருள் குறைகளைப் பதிகிற பொது இடத்தில், 2017 லேயே, இதை வைத்து ஒரு தளத்தைத் தாக்கி விழுத்தலாம் என்று எழுதி வைத்துவிட்டார்கள். 2022 நவம்பரில், ஒரு காலத்தில் நெட்ஸ்கேப் உலாவியைக் கட்டியவர்களில் ஒருவரான ஜேமி ஸவின்ஸ்கி, தான் மஸ்டடோனில் லிங்க் போடும் ஒவ்வொரு முறையும் தன் சேர்வருக்கு மந்தை புகுந்தமாதிரி நடக்கிறது என்று எரிச்சலோடு எழுதினார். 2024 இல் 'இட்ஸ் ஃபோஸ்' என்ற லினக்ஸ் செய்தித் தளம் இன்னும் ஒரு படி மேலே போய், தயவுசெய்து எங்கள் லிங்குகளை மஸ்டடோனில் பகிராதீர்கள் என்று வாசகர்களிடமே கேட்டது. திறந்த மூல மென்பொருளைப் பற்றி எழுதிப் பிழைக்கிற தளம், திறந்த மூல வலைத்தளம் ஒன்றுக்கு லிங்க் போடாதே என்று கெஞ்சுகிறது. திருத்தம் அடுத்த பதிப்பில் வரும் என்றார்கள். பிறகு அது அதற்கும் அடுத்த பதிப்புக்குத் தள்ளிப்போனது.

இதற்கு மறுபக்கத்தில் வந்த பதிலைத்தான் நான் நிறைய நேரம் யோசித்தேன். "உன் தளத்தை நீ ஒழுங்காக வைத்திருந்தால் இது ஒரு சுமையே இல்லை. பக்கங்களின் பிரதியைச் சேமித்துவைத்துக் கொடுக்கிற வசதியைப் போடு. செக்கனுக்கு முப்பது பேரைத் தாங்காத தளம் என்ன தளம்?"

இதில் பாதி நியாயம். உண்மையிலேயே சரியாக அமைத்த தளம் ஒன்று இதைக் கண் சிமிட்டாமல் தாங்கும். ஆனால் மற்றப் பாதியை என்னால் ஏற்க முடியவில்லை. மேசையில் தாளம் போடுகிற நாற்பது பிள்ளைகளில் யாரைப் பிடித்தாலும், "நான் மெதுவாத்தான் டீச்சர் தட்டின" என்பான். அது உண்மையும்தான். அதற்காகத் தலையிடி பிடித்த டீச்சரைப் பார்த்து, காதில் பஞ்சு வைத்துக்கொள் என்று சொல்வது பதிலா? பிரிவியூப் பெட்டி யாருக்கு அழகு? சமூக வலைத்தளத்துக்கு. அதன் செலவு யார் தலையில்? தளம் நடத்துகிறவர் தலையில், அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே. தளம் எவ்வளவு சின்னதோ அவ்வளவு அடி.

இன்னொன்று. இணையத்தில் திடீர்க் கூட்டம் வந்து தளம் விழுவது புதிதில்லை. ஸ்லாஷ்டொட் என்று 1997 இல் தொடங்கிய செய்தித் தளம் இருந்தது. அதில் ஒரு லிங்க் வந்தால் அந்தத் தளம் விழுந்துவிடும் என்பது தொண்ணூறுகளின் கடைசியிலேயே பிரசித்தம். ஆனால் அப்போது வந்தது மனிதர்கள். வாசிக்க வந்தார்கள்.

என்னோடு கல்வியியற் கல்லூரியில் படித்த நண்பி ஒருத்தி கடந்தகால வினாத்தாள்களுக்கு ஒரு தளம் வைத்திருக்கிறாள். ஹோஸ்டிங் காசு அவளுடைய சம்பளத்திலிருந்து. ஒரு வருடம் பரீட்சைக்கு முந்திய வாரம் தளம் இரண்டு நாள் விழுந்து கிடந்தது. அழுத குரலில் போன் எடுத்தாள், அழுகைக்குள் ஒரு சந்தோஷமும் இருந்தது. "இவ்வளவு புள்ளைகள் வந்திருக்குதுகள் பார்." அந்த விழுகைக்கு ஒரு அர்த்தம் இருந்தது. ஆயிரம் இயந்திரங்கள் வந்து, ஒரு எழுத்தும் வாசிக்காமல், படத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போனதால் விழுந்திருந்தால், அவளிடம் என்ன சொல்லி ஆறுதல்படுத்துவது? அதே நேரத்தில் விஞ்ஞான வினாத்தாளைத் தேடி வந்த பிள்ளை "தளம் இயங்கவில்லை" என்ற பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கும். எனக்கு உறுத்துவது அந்த ஒரு பிள்ளை.

சரி, ஏன் ஒவ்வொரு சேர்வரும் தானே போகிறது? சோம்பலா, மடத்தனமா? இல்லை. நம்பிக்கையின்மை. பதிவை அனுப்பிய சேர்வர் பிரிவியூவையும் கட்டி அனுப்பினால், பெறுகிறவர் அதை அப்படியே நம்ப வேண்டும். அனுப்புகிறவர் கள்ளனாக இருந்தால்? நல்ல செய்தித் தளம் ஒன்றின் லிங்கைப் போட்டு, மேலே பொய்யான தலைப்பும் வேறு படமும் ஒட்டலாம். பேஸ்புக்கில் ஒரு காலத்தில் லிங்க் போடுகிறவர் தலைப்பையும் படத்தையும் தானே மாற்ற முடிந்தது. அதை வைத்துப் பொய்ச் செய்தி பரப்புகிறார்கள் என்றுதான் 2017 இல் அந்த வசதியை எடுத்தார்கள்.

இந்தப் பயத்தை நாங்கள் லேசாகத் தள்ளிவிட முடியாது. பொய்ப் படமும் திரித்த தலைப்பும் ஒரு சமூகத்தை என்ன செய்யும் என்று பாடப்புத்தகத்தில் படித்தவர்கள் அல்ல நாங்கள். 2018 மார்ச்சில் திகன எரிந்த நாட்களில் அரசாங்கம் பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் முடக்கிவைத்தது ஞாபகம் இருக்கும். 2019 இலும் அப்படித்தான். எனவே "ஏன் மற்றவனை நம்பமாட்டாய்?" என்று மஸ்டடோன்காரர்களைப் பார்த்துக் கேட்க எனக்கு வாய் வராது. செய்தியை மூலத்தில் போய் உறுதிப்படுத்துவது நல்ல பழக்கம். எங்கட ஹதீஸ் அறிஞர்கள் ஒரே ஒரு அறிவிப்புக்காக மாதக்கணக்கில் பிரயாணம் செய்த வரலாறு நமக்குத் தெரியும். ஆனால் அவர்கள் தங்கள் ஒட்டகத்தில், தங்கள் செலவில் போனார்கள். அறிவித்தவர் வீட்டில் விருந்துச் செலவை வைத்துவிட்டு வரவில்லை. உறுதிப்படுத்திய பிறகு அடுத்தவருக்கு அறிவிப்பாளர் வரிசையோடு சொன்னார்கள். அவர் அந்த வரிசையைப் பார்த்து எடுப்பதா விடுவதா என்று தீர்மானித்தார். ஒவ்வொருவரும் மறுபடி முதலாம் ஆளின் கதவைத் தட்டவில்லை.

ஆகவே என் கருத்து இது. சந்தேகப்படுவது சரி, சந்தேகத்தின் செலவைச் சந்தேகப்படுகிறவர் சுமக்க வேண்டும். லிங்கைப் பதிகிறவரின் சேர்வர் ஒரு தரம் போய் எடுத்து, பதிவோடு சேர்த்து அனுப்பட்டும். புளூஸ்கை என்ற மற்றொரு வலைத்தளத்தில் பிரிவியூ பதிவுக்குள்ளேயேதான் போகிறது, வட்ஸ்அப்பிலும் நாளாந்தம் அதைத்தான் செய்கிறோம். பெறுகிற சேர்வர் "இந்தத் தலைப்பு அனுப்பியவர் தந்தது" என்று பெட்டிக்குக் கீழே ஒரு சின்ன வரி காட்டட்டும். அப்படியும் நம்பிக்கை இல்லையென்றால், ஒரு மனிதன் உண்மையிலேயே அந்தப் பதிவைத் தன் திரையில் பார்க்கும்போது மட்டும் போய் உறுதிப்படுத்தட்டும். நூறு சேர்வருக்குப் போகிற ஒரு பதிவை எத்தனை சேர்வரில் ஆட்கள் கண்ணால் காண்கிறார்கள்? ஆள் தூங்கிக்கொண்டிருக்கிற சேர்வரும் இப்போது போய்க் கதவைத் தட்டுகிறது. இதை மட்டும் நிறுத்தினாலே சுமையில் பெரும்பங்கு இறங்கிவிடும் என்று நினைக்கிறேன்.

பொய்ப் பிரிவியூ வரும் ஆபத்து இதில் முற்றாகப் போகாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இன்றைய முறையிலும் அது போகவில்லை. கள்ளத் தளம் நடத்துகிறவன், கேட்கிற ஆளைப் பார்த்து, மஸ்டடோனுக்கு ஒரு தலைப்பும் மனிதனுக்கு வேறு பக்கமும் காட்டலாம். அப்போது இரண்டாயிரம் சேர்வரும் தனித்தனியாகப் போய் அதே பொய்யைத்தான் கொண்டுவரும்.

மறுநாள் வகுப்பில் மையித்து வீட்டுக் கதையாக இதைச் சொன்னேன். பின்வாங்கில் இருக்கிற, சாதாரணமாக வாய் திறக்காத பிள்ளை ஒன்று சொன்னது: "டீச்சர், மையித்து ஊட்டுக்காரர் ஒரு துண்டுல எழுதி கையெழுத்து வச்சுக் குடுத்தா சரிதானே. எல்லாப் பள்ளிக்கும் அதக் கொண்டு போய்க் காட்டலாம்." டிஜிட்டல் கையொப்பம் என்ற சொல்லைக் கேள்விப்படாத பிள்ளை! தளத்துக்காரரே தன் தலைப்பையும் படத்தையும் கையொப்பமிட்டு வைத்தால், யார் கைமாறி வந்தாலும் நம்பலாம். செய்ய முடியாத காரியமில்லை. ஆனால் உலகத்திலுள்ள தளங்களெல்லாம் அதைச் செய்யவேண்டும், மறுபடியும் வேலை சின்னத் தளத்துக்காரர் தலையில்தான் விழும் என்று சொன்னேன். பிள்ளை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப லிங்கப் போடுற ஆள்தான் டீச்சர் பொறுப்பு" என்றது. நான் இவ்வளவு நீளமாக எழுதியதை அவன் ஒரு வரியில் முடித்துவிட்டான்.

இனி, தளம் வைத்திருக்கிறவர்களுக்கு. மஸ்டடோனில் உங்களை யாரும் பகிரமாட்டார்கள் என்று இருந்துவிடாதீர்கள். வெளிநாட்டில் இருக்கிற பழைய மாணவர் ஒருவர் போட்டாலும் போதும், அதைக் கூட்டம் உள்ள ஒருவர் பூஸ்ட் செய்தால் உங்கள் கதவிலும் தட்டுவார்கள். முதலில் பிரிவியூப் படத்தைப் பாருங்கள். விளையாட்டுப் போட்டிக்கு போனில் எடுத்த 4 மெகாபைட் படத்தை அப்படியே தளத்தில் ஏற்றியிருப்பீர்கள். ஆயிரம் சேர்வர் வந்தால் அந்த ஒரு படத்துக்கே 4 ஜிகாபைட். அகலம் 1200, உயரம் 630 பிக்ஸல் போதும், அளவை 100 கிலோபைட்டுக்குக் கிட்டக் கொண்டுவரலாம். வேர்ட்பிரஸ் என்றால் பிரதி சேமிக்கிற பிளகின் ஒன்றைப் போடுங்கள், இலவசமாகவே இருக்கிறது. கிளவுட்பிளேரின் இலவசச் சேவைக்குப் பின்னால் தளத்தை வைத்தால் படங்களின் சுமையை அது தாங்கிக்கொள்ளும். பக்கங்களையும் அது தாங்கவேண்டுமென்றால் தனியாகச் சொல்லிவைக்க வேண்டும், சும்மா விட்டால் படங்கள் போன்ற மாறாத கோப்புகளை மட்டும்தான் சேமிக்கும். நிறையப் பேர் தவறுகிற இடம் அது.

படத்தைச் சின்னதாக்குவது எப்படி என்று தெரியாதவர்கள் கொமென்ட்டில் கேளுங்கள். நாளைக்குப் பாடசாலை விட்டு வந்து, பின்னேரம் ஒவ்வொருவருக்கும் பதில் போடுகிறேன், இன்ஷா அல்லாஹ். தளத்தின் லிங்கையும் போடுங்கள், எவ்வளவு பாரம் என்று பார்த்துச் சொல்கிறேன்.